வேறு பயன் உண்டு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
பாசித்தின் பிளக்ஸ் கடை. மாடி அறை என்னுடையது:
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
கரண்ட் போனால் நாற்பது நிமிடம் தாங்கும் பேட்டரி,
பதினேழாம் மாகாணத்தின்
இருநூற்றுப் பன்னிரண்டு அதிகாரிகள்.

டெல்லியில் ஏதோ ஆய்வு நிறுவனம்.
ஆளுக்கு நூற்றெண்பது ரூபாய்.
பிறந்த மாதம், இனம், வேலையில் சேர்ந்த ஆண்டு,
கட்சியில் சேர்ந்த ஆண்டு,
பதவி, பதவி, பதவி.
சீனம் எப்போது படித்தாய் என்பவர்களுக்கு
ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்:
கேட் மூடியிருந்தபோது.

இன்றைய ஆள் ஹே யான்செங்.
கம்யூனில் கணக்கெழுதியவர்.
வட்டத் துணைச் செயலாளர், செயலாளர்,
பக்கத்து நகரத்தில் துணைமேயர்,
மேயர் பொறுப்பு, மேயர்.
ஓர் ஊரில் நாலு வருடம் தாண்டியதில்லை.
வேர் பிடிப்பதற்குள் பறித்து
அடுத்த வயலில் நடுகிறார்கள்.
நாங்கள் நாற்றை ஒருமுறைதான் பறிப்போம்.

நாற்பது வருட வாழ்க்கையில்
ஒரே வரியில்தான் எனக்கு அவர் தெரிந்தவரானார்.
நீர்வளப் பிரிவுத் தலைவராக இருந்தபோது
வாய்க்கால்களில் — ஆங்கிலச் சொல் வரவில்லை,
தூர் என்றுதான் வந்தது —
தூர்வாரும் பணியை வழிநடத்தினார்.
எத்தனை கிலோமீட்டர்?
தண்ணீர் வருவதற்கு முன்பா, வந்த பிறகா?
எழுதவில்லை. இங்கேயும் எழுதமாட்டார்கள்.
ஜூன் பத்தாம் தேதி வெண்ணாற்றில் ஜேசிபி இறங்கும்,
பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறக்கும்,
கணக்கு அடியில் பத்திரமாகக் கிடக்கும்.

"அக்கா, அமிர்தகடேசன் தலை எவ்வளவு பெருசு வைக்கட்டும்?"
கீழிருந்து பாசித்.
போன பொங்கலுக்கு அவர் ஒன்றியச் செயலாளர்,
தலைவரின் தோளை ஒட்டிய வட்டத்தில் இருந்தார்.
மாவட்டம் மாறியதும் தபால்தலை அளவு.
இப்போது வார்டு மெம்பருக்கும் கீழே,
கடைசி வரிசையில், இடப்பக்கம்.
"எடுத்துடச் சொல்லிட்டாங்க" என்கிறான் சற்றுப் பொறுத்து.
"அழிக்கமாட்டேன் அக்கா, எவன் முகத்தையும் அழிச்சதில்ல.
கண்ணை மட்டும் மூடிவைப்பேன்."
திரையில் அவர் பெயருக்கு எதிரே
சின்னக் கண் ஒன்று மூடிக்கொண்டது.

ஹே யான்செங்கின் கடைசி வரி
ஒன்பது மாதம் பழையது.
பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார், அப்புறம் நாலே எழுத்து:
லிங் யொ ரென் யொங்.
வேறு பணி தரப்படும் என்று பொருள்.
எழுத்தெழுத்தாகப் பிரித்தால்
வேறு பயன் உண்டு என்றும் வரும்.
அதற்குப் பிறகு அந்த ஊர் இணையதளத்தில்
அவர் பக்கமே இல்லை.
'தற்போதைய நிலை' என்ற கட்டத்தை
காலியாக விட்டால் சிவப்பாகிறது.

சாயங்காலம் மழை.
சித்தப்பாவின் நெல் கொள்முதல் நிலையத்தில்
ஐந்து நாளாகக் கிடக்கிறது, ஈரப்பதம் இருபத்திரண்டு.
குடையோடு போனேன்.
தார்ப்பாய் போதாமல்
கிடைத்ததையெல்லாம் மூடியிருந்தார்கள்:
யூரியா சாக்கு, சாமியானாத் துணி,
பன்னிரண்டுக்கு எட்டில் ஒரு பழைய பிளக்ஸ்,
கடைமடையின் விடிவெள்ளியே வருக.
கும்பிட்ட கைகளுக்கு மேல்
கன்னத்துப் பள்ளத்தில் மழை தேங்கி
பக்கத்துக் குவியலை நோக்கி வழியத் தொடங்கியது.

கைலியை மடித்துக் கட்டிய ஒருவர்
தன் மூக்குக்கு நேரே இருந்த முனையைப் பிடித்து,
"அந்தப் பக்கம் இழுங்க, நனையுது" என்றார்.
இழுத்தேன். மீசை மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது,
படத்தில் அல்ல.

அவர் டோக்கன் நூற்றுப் பதினொன்று.
எழுபதே இன்னும் கூப்பிடவில்லை.